தாழ்ப்பாளில் ஒரு கொத்துக் கருவேப்பிலை

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரெம்பாவ் வட்டாரத்தில் பல வீடுகளில் தொலைபேசி மணி அடித்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எச்சில் கையோடு எழுந்து வந்தார்கள். எடுத்துக் காதில் வைத்தால் அந்தப் பக்கம் ஆளில்லை. ஒரு மூச்சு நேரம் மௌனம். பிறகு இணைப்பு அறுந்துபோனது. எவனோ வேலை வெட்டி இல்லாதவன் என்று திட்டிவிட்டு மறுபடியும் சோற்றுக்கு முன்னால் போய் உட்கார்ந்தார்கள்.

அழைத்தவள் நீலாவதி. சரியாகச் சொல்வதானால், அம்பாங்கானில் ஆதப்பனின் கணினிக் கடையில் அவள் மேசைமேல் இருந்த இயந்திரம்தான் அழைத்தது. ஞாயிறு என்பதால் கடையின் இரும்புக் கதவு பாதி இறக்கிக் கிடந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து மரவள்ளிக் கிழங்கு வறுவல் தின்றுகொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இயந்திரம் வரிசையாக ஒவ்வோர் எண்ணாகக் கூப்பிடும். மனிதக் குரல் வந்தால் வைத்துவிடும். அந்தப் பக்கமும் மோடம் வைத்த ஒரு கணினி இருந்து கீச்சென்று பதில் கூவினால், எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்ததற்குப் போகும்.

அவளுக்கு அது பெரட்டுப் போலத்தான் தோன்றியது. தோட்டத்தில் விடிவதற்கு முன்னால் பெரட்டுக் களத்தில் ஆட்களை நிறுத்தி மண்டோர் பெயர் கூப்பிடுவார். குரல் கொடுத்தவருக்கு அன்றைக்கு வேலை. கொடுக்காதவர் படுக்கையில் இருக்கிறாரா, ஊரில் இல்லையா என்று மண்டோர் போய்ப் பார்ப்பதில்லை. அடுத்த பெயருக்குப் போய்விடுவார். பெயர் கூப்பிடுவதில் யாருக்கு என்ன கெடுதல்?

தொண்ணூற்றெட்டாம் வருடம் அது. வெள்ளியின் மதிப்பு விழுந்துபோய்க் கடைகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டிருந்தன. சிரம்பானில் இரண்டு தலைமுறையாகக் கொடுக்கல் வாங்கல் செய்த குடும்பம் ஆதப்பனுடையது. அதை விட்டுவிட்டுக் கணினி விற்க வந்தவனை அவன் சித்தப்பாமார்கள் பொம்மைக் கடைக்காரன் என்று கேலி பேசினார்கள். அந்த வீம்பில் அவன் கோலா பிலாவில் ஒரு கிளை திறக்க முடிவு செய்திருந்தான். தோட்டத்து ஆபீசுகளுக்குக் கணினி போட்டுக் கொடுத்து, பழுதும் பார்க்கும் கடை. அதை நடத்தப் போகிறவள் நீலாவதி. பெயர்ப்பலகை எழுதி வந்துவிட்டது. கீழ் மூலையில் சின்ன எழுத்தில் 'பொறுப்பாளர்: நீலாவதி' என்று இருந்தது. பலகையைக் கடையின் பின்கட்டில் சாய்த்து வைத்திருந்தார்கள். போகும்போதும் வரும்போதும் அவள் அதைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டாள். தீபாவளி கழிந்ததும் திறப்பு.

"எந்தத் தோட்டத்துல மோடம் வெச்சிருக்கான்னு தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சிது நீலா," என்று ஆதப்பன்தான் ஒருநாள் சொன்னான். "ஒவ்வொரு தோட்டத்துக் கேட்டா போயி, ஆபீஸ் கிராணி கால்ல விழுந்து கேக்கவா முடியும்? நீதான் மூளைக்காரியாச்சே, ஏதாச்சும் வழி பாரு லா."

அவள் பார்த்த வழிதான் அந்த ஞாயிற்றுக்கிழமை.

நீலாவதி ரெம்பாவ் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் எட்டாம் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள். அவள் அம்மா மயிலம்மாள் அப்போதும் அங்கேதான் பால்மரம் சீவிக்கொண்டிருந்தாள். லயத்து வீடுகளுக்குப் பூட்டு என்று ஒன்று கிடையாது. ஒரு மரத் தாழ்ப்பாள், அதில் ஒரு கயிறு. இருட்டோடு எழுந்து பெரட்டுக்கு ஓடுகிற அவசரத்தில் யாராவது ஒருவர் கதவைச் சரியாகச் சாத்தாமல் போய்விடுவார்கள். காற்று தள்ளித் திறந்துவிடும். ஆடு போகும், நாய் போகும். ஆகவே லயத்தில் ஒரு வழக்கம் இருந்தது. உடம்பு சரியில்லாமலோ பிள்ளை பெற்றோ வீட்டில் இருப்பவர்கள், மத்தியானப் பள்ளிக்குப் போகிற பிள்ளைகள், யாராக இருந்தாலும் திறந்து கிடக்கும் கதவைக் கண்டால் இழுத்துச் சாத்திவிட்டு, தங்கள் வீட்டு வாசலில் இருக்கும் செடியில் ஒரு கொத்துக் கிள்ளித் தாழ்ப்பாளில் செருகிவிட்டு வரவேண்டும். எதிர்வீட்டுக்காரி பஞ்சாலையின் வாசலில் செம்பருத்தி. சன்னாசி வீட்டில் குரோட்டன். மயிலம்மாள் வாசலில் கருவேப்பிலை மரம். வேலை முடிந்து வருகிறவர் தாழ்ப்பாளைப் பார்த்ததும், யார் சாத்தியது என்று தெரிந்துகொள்வார்.

இலை இல்லாமல் கதவு சாத்தியிருந்தால்தான் வம்பு. அப்படியென்றால் யாரோ உள்ளே போய் வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எது குறைகிறது என்று பார்க்கப் பானை சட்டியெல்லாம் முற்றத்துக்கு வரும். பேச்சு முற்றும்.

"சாத்திட்டு இலை வெக்காம வராத," என்று மயிலம்மாள் மகளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள். "வெச்சாத்தான் நீ சாத்துனவ. வெக்காட்டி உள்ள போனவ."

அன்றைக்கு ரெம்பாவ் பெரட்டில் குரல் கொடுத்த இயந்திரங்கள் அதிகமில்லை. குறித்த எண்களை அவளே மறுபடி அழைத்துப் பார்த்தபோது பெரும்பாலானவை கடவுச்சொல் கேட்டன. கேட்டதும் நீலாவதி விலகிக்கொண்டாள். ஒன்று மட்டும் எதுவும் கேட்கவில்லை. உள்ளே வா என்பதுபோல் தன் கோப்புகளை அப்படியே விரித்துக் காட்டியது. வேலையாட்கள் பட்டியல் என்று ஒன்று இருந்தது. அதைத் திறந்தாள். முதல் பக்கத்திலேயே சன்னாசி பெயர். கொஞ்சம் கீழே வந்தால், மயிலம்மாள், எட்டாம் லயம், அடையாள அட்டை எண், பிறந்த வருடம். 

அவள் பிறந்த தோட்டத்தின் ஆபீஸ் அது. இதுவரை அந்த ஆபீசின் படியைத் தாண்டி அவள் உள்ளே போனதில்லை. அம்மா சம்பள நாளில் சன்னலுக்கு வெளியேதான் நிற்பாள். இப்போது அந்த ஆபீசின் நடுவில் நிற்கிறோம் என்பது புரிந்ததும், ஆளில்லாத வீட்டில் உள்கொடியில் காயும் துணியைப் பார்த்துவிட்டதுபோல் ஆகிவிட்டது. சட்டென்று பட்டியலை மூடினாள்.

அப்படியே வந்திருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. ஆனால் கதவு திறந்து கிடக்கிறது. நாளைக்கு வேறு யாராவது வந்தால்? லயத்து ஜனம் அத்தனை பேருடைய அடையாள அட்டை எண்ணும் அங்கே இருக்கிறது. வெளியிலிருந்து அவளால் அந்தக் கதவைச் சாத்த முடியாது. ஆபீசில்தான் சாத்தவேண்டும். ஆகவே 'கதவு திறந்திருக்கிறது' என்று மலாயில் பெயரிட்டு ஒரு கோப்பை அங்கே வைத்தாள். உள்ளே நாலு வரி. கடவுச்சொல் போடுங்கள். நான் எதையும் மாற்றவில்லை. நீலா, எட்டாம் லயம், மயிலம்மாள் மகள்.

பெயர் போடலாமா வேண்டாமா என்று அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அது யோசிக்கிற விஷயமாகவே அவளுக்குத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை காலை அந்தக் கோப்பைப் பார்த்தவர் ஆபீசின் தலைமை எழுத்தரான பெரிய கிராணி இராஜமாணிக்கம். படித்ததும் முதலில் சிரித்தாராம். நம்ம மயிலு மகளா, இவ்வளவு தூரம் வந்துட்டாளா என்று. அடுத்த நிமிடம் சிரிப்பு நின்றுபோனது. கடவுச்சொல் போடாமல் விட்டவர் அவர்தான். மேனேஜர் தானாகக் கண்டுபிடித்தால் வேலை போய்விடும். முந்திக்கொண்டு போய், "துவான், யாரோ நம்ம கம்ப்யூட்டர்ல புகுந்துட்டாங்க," என்றார். மேனேஜர் சிரம்பான் தலைமை ஆபீசுக்குச் சொன்னார். தலைமை ஆபீஸ் போலீசுக்குச் சொன்னது.

அந்த வாரமே போலீஸ்காரர்கள் கடைக்கு வந்து, இயந்திரம், மோடம், வட்டுகள் எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் அள்ளிக்கொண்டு போனார்கள். பக்கத்துக் காப்பிக்கடையில் இருந்தவர்கள் கையில் கிளாசோடு எழுந்து வந்து பார்த்தார்கள். ஆதப்பன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவன் பின்கட்டுக்குப் போய்ப் பெயர்ப்பலகையை முகம் சுவர்ப்பக்கம் திரும்பும்படி சாய்த்து வைத்துவிட்டு வந்தான்.

"எங்க அண்ணன் மொறை ஒருத்தர், சொக்கப்பன்னு, லாயர். நாளைக்குப் போயி பாப்போம்," என்றான்.

சொக்கப்பனின் அலுவலகம் சிரம்பானில் ஒரு தையற்கடைக்கு மேலே இருந்தது. அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சட்டம் ஒண்ணு இருக்கு," என்றார். "போன வருஷமே பாஸ் ஆயிருச்சு. கெஜட்லயும் போட்டாச்சு. ஆனா எந்தத் தேதியிலேர்ந்து அமல்னு இன்னும் சொல்லல. அதனால இப்ப அது இருக்கு. ஆனா நடக்கல."

"அப்ப குத்தம் இல்ல தானே சார்?" என்றாள் நீலாவதி.

"அவசரப்படாதேம்மா. அது இல்லாட்டி வேற ஏதாச்சும் சட்டத்துல கொண்டுவரப் பாப்பாங்க. அத்துமீறல்ம்பாங்க, டெலிபோன்ல தொந்தரவும்பாங்க. நிக்குமா நிக்காதாங்கறது வேற. கோர்ட்டுக்கு நடக்கவெச்சே ஆளக் கொன்னுருவாங்க."

"நான் எதையும் உடைக்கலியே சார். கூப்பிட்டேன். யாரு பதில் குடுக்கறான்னு பாத்தேன். அவ்வளவுதான்."

"கூப்பிடறது குத்தமான்னு கேட்டா, எனக்கே தெரியாது. புதுச் சட்டம் என்னா சொல்லுதுன்னா, ஒண்ணையும் உடைக்கவேண்டாம், எடுக்கவேண்டாம். அனுமதி இல்லாம உள்ள போகணும்ங்கற எண்ணத்தோட ஒரு கம்ப்யூட்டர ஏதாச்சும் செய்யவெச்சாலே போதும். இந்தக் கம்ப்யூட்டர்னு குறிவெக்கக்கூடத் தேவையில்ல. சரி, எண்ணத்த யாரு பாத்தா? நீ கூப்பிட்டதுல எண்ணம் தெரியாது. கடைக்கு வாடிக்கை தேடுனேன்னு சொல்லிக்கலாம். நீ வெச்சிட்டு வந்தியே நாலு வரி, அதுலதான் தெரியுது. உள்ள போனா மட்டுந்தானே வெக்க முடியும்?"

ஆதப்பன் தரையைப் பார்த்தபடி, "வாடிக்கை தேடச் சொன்னது நான்னு எங்கயும் வரவேணாம் அண்ணே," என்றான்.

சொக்கப்பன் கண்ணாடியை மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

"வராது," என்றார் சொக்கப்பன். "அத நீ வெக்கலன்னு சொல்லிரு நீலாவதி. மோடம் சரியா வேலை செய்யுதான்னு பாக்கக் கூப்பிட்டேன், அதோட சரின்னு சொல்லு. அந்தக் கோப்புல ஒம்பேரு இருக்குன்னா என்னா? யாரும் யாரு பேரையும் எழுதலாம். பேரு கையெழுத்தா?"

வெளியே வந்து பேருந்துக்கு நிற்கும்போது ஆதப்பன் மெதுவாகச் சொன்னான். "அவர் சொன்ன மாதிரியே சொல்லிரு. பலகை அப்படியேதான் இருக்கு. தீபாவளி முடிஞ்சி ஒரு மாசம் தள்ளிப் போட்டுக்குவோம். ஆளுங்க மறந்துருவாங்க லா."

அன்றிரவு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கோலா பிலாக் கடையின் முன்னறை, அதற்கு வாங்கவேண்டிய விசிறி, சன்னலோரம் போடவேண்டிய தன் மேசை எல்லாம் கண்ணில் வந்துகொண்டே இருந்தன. இல்லை என்று ஒரு சொல். சொன்னால் எல்லாம் இருக்கிறது.

போலீஸ் நிலையத்தில் அவளை விசாரித்த இன்ஸ்பெக்டர் கோலா பிலா பக்கத்து மலாய்க் கிராமத்துக் கம்போங்காரர். நடுத்தர வயது. குரலை உயர்த்தவில்லை. மலாயில் பேசினார். அவளுக்கு நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். சொக்கப்பன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"உங்கள் வீட்டில் தொலைபேசி இருக்கிறதா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"லயத்தில் கிடையாது, துவான்."

"அதனால்தான் தெரியவில்லை போலிருக்கிறது. அந்த ஞாயிறு ஒரு மாக்சிக், வயதான அம்மா, அவர் வீட்டில் மணி அடித்திருக்கிறது. அவர் கணவர் ஆஸ்பத்திரியில் கவலைக்கிடமாக இருந்தார். மாக்சிக் கிணற்றடியிலிருந்து ஓடி வந்து எடுத்தார். யாரும் பேசவில்லை. கணவர் போய்விட்டார், அதைச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை என்று நினைத்துச் சாயங்காலம் வரை அழுதிருக்கிறார். கணவர் நன்றாகத்தான் இருக்கிறார். ஆனாலும் வந்து புகார் கொடுத்தார்."

நீலாவதிக்கு முகம் சுருங்கிப்போனது. திரையில் அது வெறும் ஓர் எண்ணாக வந்து போயிருக்கும். ஆள் என்று தெரிந்ததும் இயந்திரம் வைத்துவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கும். அந்த நேரத்தில் அவள் கிழங்கு வறுவல் தின்றுகொண்டிருந்தாள். பெயர் கூப்பிடுவதில் என்ன கெடுதல் என்று நினைத்தது ஞாபகம் வந்தது.

"எங்கள் கம்போங்கில் ஒரு வீட்டுக்குப் போனால் வாசலில் நின்று சலாம் சொல்வோம்," என்று தொடர்ந்தார் அவர். "மூன்று தடவை. பதில் வரவில்லையென்றால் திரும்பிப் போய்விடவேண்டும். கதவு திறந்தே கிடந்தாலும் அப்படித்தான். எட்டிக்கூடப் பார்க்கக்கூடாது."

"எங்கள் லயத்தில் பதில் வரவில்லையென்றால்தான் கிட்டப் போவோம், துவான்," என்றாள் அவள். "ஆள் இருந்தால் அவர்களே சாத்திக்கொள்வார்கள். ஆள் இல்லாத கதவைத்தான் நாங்கள் சாத்தவேண்டும்."

இன்ஸ்பெக்டர் இழுப்பறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். அதை அவள் பக்கம் திருப்பினார். அவள் எழுதிய நாலு வரி அச்சாகி இருந்தது.

"இதை வைத்தது நீங்களா?"

சொக்கப்பன் தொண்டையைச் செருமினார். 

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். திறந்ததும் இலை இல்லாத தாழ்ப்பாள் ஒன்று அவள் முன்னால் வந்து நின்றது. இல்லை என்றால் கதவு திறந்தது மட்டும் மிஞ்சும். யாரோ உள்ளே போனது மட்டும் மிஞ்சும். அந்த யாரோ எட்டாம் லயத்து ஜனத்தின் எண்களையெல்லாம் பார்த்துவிட்டுச் சத்தம் போடாமல் வந்தவளாக இருப்பாள்.

"நான்தான் வைத்தேன், துவான்," என்றாள்.

சொக்கப்பன் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

வழக்கு வரவில்லை. எந்தச் சட்டத்தில் போடுவது என்று மேலே எழுதிக் கேட்டார்கள் என்றும், அங்கிருந்து பதிலே வரவில்லை என்றும் சொக்கப்பன் சொன்னார். குற்றம் இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை. இயந்திரம் திரும்பி வரவில்லை. கேட்டால், விசாரணை முடியவில்லை என்றார்கள். 

கோலா பிலாக் கடை தை மாதம் திறந்தது. பெயர்ப்பலகையின் கீழ் மூலையில் மட்டும் புதிதாக வெள்ளைப் பூச்சு அடித்து, அதன்மேல் ஆதப்பனின் மைத்துனன் பெயரை எழுதியிருந்தார்கள். "நீ கெட்டவளுன்னு நான் சொல்லுவேனா நீலா," என்றான் ஆதப்பன். "தோட்டத்துக்காரன் கேப்பானே. கம்ப்யூட்டருக்குள்ள புகுந்த பொண்ணுதானே அதுன்னு கேப்பானே. நான் என்னா சொல்ல?" நீலாவதி தலையாட்டிவிட்டு, மேசை இழுப்பறையிலிருந்த சீப்பையும் தண்ணீர்ப் போத்தலையும் எடுத்துக்கொண்டு எட்டாம் லயத்துக்கு வந்துவிட்டாள்.

வந்த இரண்டாம் நாள் வழியில் பெரிய கிராணியைப் பார்த்தாள். அவர் சைக்கிளை நிறுத்தி, அவள் கண்ணைப் பார்க்காமல், "இப்ப கடவுச்சொல் போட்டாச்சும்மா," என்றார்.

"நல்லது சார்."

"மேனேஜருக்கு ஞாபகத்துல நிக்கல. அதனால எழுதித் திரைமேலயே ஒட்டி வெச்சிருக்கோம்."

சிரிப்பு வந்தது. அவருக்கு முன்னால் சிரிக்க அவளுக்கு மனமில்லை.

பிறகு ஒருநாள், மத்தியானம் திரும்பிய நேரம். அம்மாவும் பஞ்சாலையும் மாரியம்மன் கோயில் கூட்டத்துக்குப் போயிருந்தார்கள். காற்று பலமாக வீசியது. நீலாவதி வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சாக்கடைக்கு அந்தப் பக்கம் பஞ்சாலை வீட்டுக் கதவு திறந்து, சுவரில் மோதி, மறுபடியும் திறந்து நின்றது.

அவள் எழுந்தாள். கை தானாகக் கருவேப்பிலை மரத்துப் பக்கம் போனது. கிளையைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். 

"சின்னம்மா," என்று இருந்த இடத்திலிருந்தே கூப்பிட்டாள். பதில் இல்லை. இன்னொரு தடவை கூப்பிட்டாள். மூன்றாவது தடவையும் கூப்பிட்டாள். சன்னாசி வீட்டு ஆடு லயத்துக் கோடியிலிருந்து நிதானமாக நடந்து வந்தது. அவள் கை தட்டினாள். சூ என்றாள். சாக்கடையின் விளிம்பு வரை ஓடினாள். அதைத் தாண்டக் கால் எழவில்லை. ஆடு அவளை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே போனது. ஏதோ உருண்டு விழுகிற சத்தம் கேட்டது.

பஞ்சாலை வந்தபோது அரிசி அறை முழுவதும் சிதறிக் கிடந்தது. பாதியை ஆடு தின்றிருந்தது. மீதியில் புழுக்கை.

"நீ வீட்டுலதான இருந்த?" என்றாள் பஞ்சாலை.

"இருந்தேன் சின்னம்மா."

"ஆடு போனதப் பாத்தியா?"

"பாத்தேன்."

"பாத்துக்கிட்டா நின்ன? கைய வெச்சா கதவு சுட்டுருமா ஒனக்கு?" பஞ்சாலை இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "போலீசு வரைக்கும் போயி ஆபீஸ் கதவச் சாத்தத் தெரியுது. எதுத்த வீட்டுக் கதவு தெரியல."

நீலாவதி முறத்தை எடுத்துக்கொண்டு சாக்கடையைத் தாண்டினாள். வீட்டுக்காரி நிற்கும்போது தாண்ட முடிந்தது. மண்டியிட்டு அரிசியைக் கூட்டி, புழுக்கையைப் பொறுக்கி, புடைத்துக் கொடுத்தாள். பஞ்சாலைக்குக் கோபம் அதற்குள் பாதியாகிவிட்டது. காப்பி போடட்டுமா என்று கேட்டாள். நீலாவதி வேண்டாம் என்று வந்துவிட்டாள்.

பஞ்சாலையோடு கோயிலிலிருந்து திரும்பியிருந்த மயிலம்மாள் இவ்வளவையும் வாசலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும் கேட்டாள்.

"யாரு புள்ள சொன்னா, தொடக்கூடாதுன்னு?"

நீலாவதி ஆய்ந்து முடிக்காத கீரையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இன்னும் யாரும் சொல்லலம்மா," என்றாள். "சொல்லப் போறாங்களாம்."